கிருஷ்ணகிரியில் ரெட் லைட் ஃபேஷியல்: டேன் போகுமா, இல்லை இன்னும் கறுக்குமா?

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முகத்தில் எல்இடி சிவப்பு ஒளி காட்டும் இந்த ரெட் லைட்டைப் போட்டால் டேன், அதாவது வெயிலில் கறுத்த நிறம், போகாது. அளவாக ரெட் லைட் போட்டால் கறுத்தும் போகமாட்டோம். இந்த இரண்டும் தெரியாமல் ஒரு பக்கம் கிளினிக்காரர்கள் ‘டேன் ரிமூவல்’ என்று போர்டு வைத்து விற்கிறார்கள், இன்னொரு பக்கம் என் அத்தை மாதிரி ஆட்கள் “அந்த லைட்டுக்குக் கீழ படுத்தா மூஞ்சி கருகிடும், சும்மா இரு” என்று பயமுறுத்துகிறார்கள். நடுவில் பணம் கட்டி ஒரு முழு பேக்கேஜ் முடித்துவிட்டு வந்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்கு மைக்ரோ ஃபைனான்ஸில் ஃபீல்டு வேலை. காலையில் ஸ்கூட்டியை எடுத்தால் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சென்டர் மீட்டிங் (கடன் குழுக் கூட்டம்), அங்கிருந்து பர்கூர் பக்கம் இன்னொன்று, வாரத்தில் சில நாள் வேப்பனப்பள்ளி. முகத்துக்காவது துப்பட்டா கட்டிக்கொள்ளலாம், கைக்கு என்ன செய்வது? வாட்ச் கட்டும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை, அதற்குக் கீழே விரல் கணு வரைக்கும் வேறு யாருடைய கையோ மாதிரி இருக்கும். ஊர் இருக்கிற இருப்பும் அப்படி. கிருஷ்ணகிரி சுமார் 12.5 டிகிரி வடக்கில் இருக்கிறது, அதனால் ஏப்ரல் கடைசியில் ஒரு தடவையும் ஆகஸ்ட் நடுவில் இன்னொரு தடவையும் சூரியன் நேராக உச்சந்தலைக்கு வந்துவிடும். ஓசூர்க்காரர்கள் ‘எங்க ஊர் குளுகுளுன்னு இருக்கு’ என்று சந்தோஷப்பட வேண்டாம், அது கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். உயரம் ஏற ஏற புற ஊதாக் கதிர் கூடத்தான் செய்யும், ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்று ஒரு கணக்கு. குளிர்ந்த காற்று சூட்டைத்தான் மறைக்கும், கதிரை மறைக்காது.

சரி, கிளினிக். டவுனுக்குள்தான், மாடியில். பெயர் போடவில்லை, ஏனென்றால் இதே வார்த்தைகளோடு இதே பேக்கேஜ் வேறு இடங்களிலும் ஓடுகிறது, ஒருவரை மட்டும் இழுத்து என்ன ஆகப்போகிறது. இடம் சுத்தம், ஏசி நன்றாக வேலை செய்கிறது, கவுன்ட்டரில் இருக்கும் பெண் “வாங்க மேடம்” என்று சிரித்துக்கொண்டே பேசுகிறாள். தனி சிட்டிங் 1,500 ரூபாய், பேக்கேஜாக எடுத்தால் 7,500. கையை நீட்டிக் காட்டினேன். “இதெல்லாம் ஒண்ணுமே இல்ல மேடம், ரெட் லைட் உள்ள போயி டேனை உடைச்சிடும்” என்றாள். உடைக்க அது என்ன கல்லா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மெஷின் என்னவோ நல்ல மெஷின்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். மூன்றாக மடியும் பேனல், சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்கிறது, முகத்தைச் சுற்றி வளைத்து வைக்கிறார்கள், இருபது நிமிடத்துக்கு டைமர். சின்னச் சின்ன எல்இடி பல்புகள், பக்கத்தில் சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பட்டன்கள். கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி தருகிறார்கள். அதன் எலாஸ்டிக் பட்டையில் முன்னால் போட்டுக்கொண்டு போனவரின் தேங்காய் எண்ணெய் வாசனை அப்படியே இருந்தது, துடைத்துக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன், நீங்களும் கேளுங்கள். கண்ணை மூடியிருந்தாலும் இமைக்குள் ஒரே சிவப்பு. சூடு என்று சொல்ல முடியாது, இளஞ்சூடு. எழுந்து உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினால் வெள்ளைச் சுவர் கொஞ்ச நேரம் பச்சை கலந்த மாதிரி தெரியும், பயப்படாதீர்கள், சிவப்பையே பார்த்துச் சலித்த கண் செய்கிற வேலை அது.

எனக்குக் கோபம் வந்தது போட்டோ விஷயத்தில். ‘பிஃபோர்’ போட்டோவை வரவேற்பறை ட்யூப்லைட்டுக்குக் கீழே, வெயிலில் வண்டி ஓட்டி வந்த வேர்வை முகத்தோடு எடுத்தார்கள். ‘ஆஃப்டர்’ போட்டோவை உள்ளே, முகம் கழுவி, சீரம் தடவி, அந்த மினுமினுப்பு காய்வதற்குள் ரிங் லைட்டுக்கு முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். இப்படி எடுத்தால் என் ஸ்கூட்டிகூட இரண்டு ஷேடு வெளுத்துத் தெரியும். எங்கே போனாலும் ஒரே இடம், ஒரே லைட், அதே முகம் கழுவிய நிலை என்று இரண்டு போட்டோவையும் உங்கள் போனிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது டேன் என்றால் என்ன என்பதற்கு வருகிறேன், இது புரிந்தால் பாதிப் பணம் மிச்சம். வெயிலில் நம்மைக் கறுக்க வைப்பது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். அதில் யுவிபி என்பது அலைநீளத்தில் 280 முதல் 315 நானோமீட்டர் வரை, யுவிஏ 315 முதல் 400 வரை, தரைக்கு வந்து சேருவதில் பெரும்பகுதி யுவிஏதான். யுவிஏ பட்டால் தோலில் ஏற்கெனவே இருக்கும் மெலனின் என்ற நிறமி உடனேயே கறுத்துக் காட்டும், மத்தியானம் வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தவுடன் ‘ஐயோ’ என்கிறோமே, அதுதான். யுவிபி செய்வது வேறு, அது செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவையே காயப்படுத்துகிறது, அந்தச் சேதத்தைப் பார்த்துத் தோல் புதிதாக மெலனின் செய்து, மேல் செல்களின் கருவுக்கு மேலே குடை மாதிரி பிடிக்கிறது. இதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் போய்ப் பரிசலில் சுற்றிவிட்டு வந்தவர் புதன்கிழமை இன்னும் கறுத்திருப்பார். ஆக டேன் என்பது அழுக்கு இல்லை, தேய்த்து எடுக்கவோ உடைத்து எறியவோ முடியாது. மேல்தோல் செத்து உதிர்ந்து புதுத்தோல் வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், புதிதாக வெயில் படாமல் இருந்தால் டேனும் அதோடு சேர்ந்து தானாக உதிரும்.

ரெட் லைட் இதில் எங்கே வருகிறது? எங்கேயும் வரவில்லை. அந்த பேனலில் எரியும் சிவப்பு 630 முதல் 660 நானோமீட்டர் சுமாரில் இருக்கும், சில மெஷின்களில் கண்ணுக்குத் தெரியாத 830 அல்லது 850ம் சேர்த்திருப்பார்கள். புற ஊதாவோடு ஒப்பிட்டால் ஒளித்துகளுக்கு ஏறக்குறைய பாதி சக்திதான், டிஎன்ஏவை நேராகச் சேதப்படுத்தும் தெம்பு அதற்கு இல்லை. சேதம் இல்லை என்றால் குடை பிடிக்க வேண்டிய அவசியமும் தோலுக்கு இல்லை, எனவே அளவாகப் போட்டால் கறுக்காது. அத்தை, நிம்மதியாக இருங்கள். ஆனால் அதே காரணத்துக்காக, ஏற்கெனவே பிடித்த குடையை மடக்கவும் அதற்குத் தெரியாது. சிவப்பு ஒளி மேல்தோலைத் தாண்டிக் கொஞ்சம் ஆழமாகப் போய், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டி, தோலை உறுதியாக வைக்கும் கொலாஜன் உற்பத்திக்கும் புண் ஆறுவதற்கும் உதவுகிறது என்பதுதான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. இது ஆரம்பித்ததே அழகுக்காக இல்லை. 1967ல் ஹங்கேரியில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர் முடி மழித்த எலிகளின் மேல் குறைந்த சக்தி ரூபி லேசரை அடித்துப் பார்த்தபோது, அடித்த இடத்தில் முடி சீக்கிரம் வளர்ந்தது, அங்கிருந்து வளர்ந்து வந்த கதை இது. எலி வெள்ளையானதாக எங்கேயும் இல்லை.

இணையத்தில் தேடினால் ரெட் லைட்டும் டேனிங்கும் சேர்ந்தே வந்து குழப்பும், அதற்குக் காரணம் வெளிநாடு. அங்கே காசு கொடுத்துக் கறுக்கிறார்கள். டேனிங் பெட் என்று ஒன்று, உள்ளே புற ஊதா விளக்கு, அதில் படுத்து எழுந்தால் தோல் பழுப்பாகும். 2009ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அந்தக் கருவிகளைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது, பிரேசில் அதே ஆண்டு தடை செய்தது, ஆஸ்திரேலியாவிலும் கடைகளில் தடை வந்துவிட்டது. இப்போது அங்கே பல டேனிங் கடைகளில் ரெட் லைட்டும் சேர்ந்து இருக்கிறது, ஒரே பெட்டியில் இரண்டு விளக்கும் வைத்த மெஷின்கள்கூட உண்டு. அதனால் ‘ரெட் லைட் போட்டா கறுப்பேனா’ என்று அவர்கள் ஆசையாகக் கேட்கிறார்கள், நாம் பயந்து கேட்கிறோம். பதில் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். புற ஊதா விளக்கு கலக்காத வெறும் சிவப்பு யாரையும் டேன் ஆக்காது.

நம்ம தோலுக்கு உண்மையிலேயே கவனிக்க வேண்டிய பட்டன் சிவப்பு இல்லை, நீலம். கிளினிக்கில் என் தாடையில் இருந்த இரண்டு பருவைப் பார்த்ததும் அந்தப் பெண் “பிம்பிளுக்கு ப்ளூ கொஞ்சம் போட்டு விடுறேன் மேடம், ஃப்ரீதான்” என்று பட்டனுக்குக் கையைக் கொண்டு போனாள். வேண்டாம் என்றேன். 2014ல் பிரான்ஸ் ஆராய்ச்சியாளர்கள் ஆட்களின் முதுகில் 415 நானோமீட்டர் நீல ஊதா ஒளியையும் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியையும் தனித்தனியாகப் பாய்ச்சிப் பார்த்தார்கள். நீலம் பட்ட இடம் கறுத்து, அந்தக் கறுப்பு வாரக்கணக்கில் நின்றது, சிவப்பு பட்ட இடத்தில் அப்படி எதுவும் இல்லை. அப்புறம் நடந்த ஆய்வுகளில், நிறம் செய்யும் செல்லில் இருக்கும் ஆப்சின் 3 என்ற புரதம்தான் நீல ஒளியை உணர்ந்து மெலனினைக் கூட்டுகிறது என்று கண்டுபிடித்தார்கள். மாநிறமும் கறுப்பும் உள்ள தோலில் இது அதிகம். பருவுக்கு நீல ஒளி வேலை செய்யும்தான், இல்லை என்று சொல்லவில்லை, டாக்டர் பார்த்து அளவு சொல்லிக் கொடுத்தால் சரி. ஆனால் பரு போன இடத்தில் கறுப்புத் தழும்பு நிற்கிற ஆட்கள், முகத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கும் மங்கு இருக்கிறவர்கள், ஃப்ரீ என்பதற்காகத் தலையை ஆட்டாதீர்கள். சிவப்புக்குப் பயந்த அத்தை நீலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை.

பேக்கேஜ் முழுவதும் நான் ஒரு வேலை செய்தேன். முகத்துக்கு லைட் போடும்போதே இடது கையை மட்டும் பேனலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன், வலது கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டேன். அதே காலத்தில் வண்டி ஓட்டும்போது இரண்டு கைக்கும் முழங்கை வரைக்கும் வரும் காட்டன் கிளவுஸ், ரவுண்டானா பக்கம் பிளாட்ஃபாரக் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கியது. முடிவில் இரண்டு கையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், வாட்ச் பட்டை ஓரத்தில் இருந்த கோடு இரண்டிலும் மங்கியிருந்தது, ஒரே அளவுக்கு. லைட் பட்ட கைக்கும் படாத கைக்கும் என்னால் ஒரு வித்தியாசமும் கண்டுபிடிக்க முடியவில்லை, பக்கத்து சீட் அக்காவிடம் எந்தக் கை என்று சொல்லாமல் காட்டினேன், அவரும் “ரெண்டும் ஒண்ணாதான்டி இருக்கு” என்றார். இது ஒன்றும் ஆராய்ச்சி இல்லை, ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு ஜோடி கை. ஆனாலும் 7,500 ரூபாய் செய்ததையும் நூறு ரூபாய் கிளவுஸ் செய்ததையும் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

டாக்டர் தினமும் இருக்க மாட்டார், வாரத்தில் சில நாள்தான் வருகிறார். அவர் வந்த அன்று நேராகவே கேட்டேன். “டேனுக்கு இது இல்லம்மா, சுருக்கம், பரு சிவப்பு, அந்த மாதிரிக்குத்தான். டேன் பேக்கேஜ்ல பீல் சேர்த்திருப்பாங்களே, வேலை செய்யறது அதுதான்” என்று கூசாமல் சொன்னார். டாக்டர் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது, கவுன்ட்டர் மேல் குறைந்துவிட்டது. உள்ளே தெரிந்த உண்மை வெளியே போர்டுக்கு ஏன் போகவில்லை? பீல் என்றால் கிளைகாலிக், லாக்டிக் மாதிரி அமிலம் மெல்லிசாகத் தடவி, செத்த மேல்தோலைச் சீக்கிரம் உரிப்பது. அதில் டேன் கொஞ்சம் வேகமாகப் போகும் என்பது நிஜம், ஆனால் மறுநாளே வெறும் முகத்தோடு வெயிலில் போனால் முன்பைவிட மோசமாகக் கறுக்கும், இதைக் கவுன்ட்டரில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

அந்த டாக்டரே இன்னொன்றும் சொன்னார், அது பல அக்காக்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். கன்னத்தில், மூக்குக்கு மேல், மேல் உதட்டில் திட்டுத் திட்டாக வருவதை டேன் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகமாம், அது மங்கு. வெயில் மட்டும் அதற்குக் காரணம் இல்லை, பிள்ளைப்பேறு, கருத்தடை மாத்திரை, சூடு என்று பல காரணம். சூடே அதைக் கிளப்பிவிடும் என்பதால், வெப்பம் தரும் எந்த லைட்டையும் மங்கு உள்ள முகத்தில் கேட்காமல் வைக்கக் கூடாது. முழங்கால் வலிக்குப் பிசியோதெரபியில் வைக்கிறார்களே சிவப்பு விளக்கு, அது சூட்டுக்காகவே இருக்கிற இன்ஃப்ராரெட் லேம்ப். அதற்கும் இந்த எல்இடிக்கும் நிறம்தான் ஒன்று. லேசர் டோனிங் என்று அதே விலைப்பட்டியலில் போட்டிருப்பதும் வேறு வகை, அது கண்ணிமைக்கும் நேரத்தில் கோடியில் ஒரு பங்கு மாதிரி மிகச் சிறிய துடிப்பில் நிறமித் துகளையே சிதறடிக்கும் கருவி, டாக்டர் கையில்தான் இருக்க வேண்டும். கவுன்ட்டர் பெண் சொன்ன ‘உடைச்சிடும்’ அங்கிருந்து வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அப்புறம், சென்டர் மீட்டிங்கில் ஒரு அக்கா “பூஜை ரூம்ல சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருக்கு, அது கீழ உக்காந்தா ஆகாதா?” என்று கேட்டார். ஆகாது அக்கா, சாமி கும்பிடலாம்.

அப்படியானால் முகத்துக்கு ஒன்றுமே ஆகவில்லையா என்றால், ஆயிற்று. போட்ட அன்றும் மறுநாளும் ஒரு தெளிச்சி தெரியும், பரு வந்த இடத்துச் சிவப்பு சீக்கிரம் அடங்கியது, கண் ஓரத்தில் தோல் கொஞ்சம் மிருதுவாக இருப்பதாகத் தோன்றுகிறது. அதற்காக இந்த விலை கொடுப்பேனா? என் வயதுக்கு மாட்டேன். நாற்பதைத் தாண்டி, சுருக்கத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும், ஊசி வேண்டாம், விட்டு விட்டு மாதக்கணக்கில் வரப் பொறுமை உண்டு என்கிறவர்களுக்கு அர்த்தம் இருக்கலாம். மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க எஃப்டிஏ முகத்துக்கான சில ரெட் லைட் கருவிகளுக்கு அனுமதி கொடுத்திருப்பதும் சுருக்கத்துக்கும் லேசான பருவுக்கும்தான். அந்த மூன்று இங்கிலீஷ் எழுத்தைக் காட்டி டேனுக்கு விற்றால் எந்த உபயோகத்துக்கு அனுமதி என்று திருப்பிக் கேளுங்கள்.

சிலர் போகவே கூடாது, அல்லது டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். லூபஸ் என்ற நோயெதிர்ப்புக் கோளாறு இருக்கிறவர்கள், வெளிச்சம் பட்டால் தோல் தடிக்கிறவர்கள், பருவுக்கு டாக்ஸிசைக்ளின் அல்லது ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடுகிறவர்கள், கண்ணில் விழித்திரைப் பிரச்சினை உள்ளவர்கள். என்னிடம் இதில் ஒன்றைக்கூட யாரும் கேட்கவில்லை, கையெழுத்து மட்டும் வாங்கினார்கள். இது சின்ன விஷயம் இல்லை, மதிப்பெண்ணில் பெரிய வெட்டு இங்கேதான். கறுப்புத் தோல் ஒளியை அதிகம் உறிஞ்சும், அதனால் நேரத்தை இஷ்டத்துக்குக் கூட்டுவதும் கூடாது, ‘இன்னொரு பத்து நிமிஷம் போட்டு விடவா’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆன்லைனில் முகமூடி மாதிரி எல்இடி மாஸ்க் சில ஆயிரத்திலிருந்து கிடைக்கிறது. அலைநீளம் எத்தனை நானோமீட்டர், எவ்வளவு சக்தி என்று எழுதாத, ‘ஏழு கலர்’ என்று மட்டும் எழுதியிருக்கிற மாஸ்க்கை வாங்கவே வேண்டாம். அந்த ஏழில் நீலமும் ஒன்று.

டேனுக்கு நான் இப்போது செலவு செய்வது சன்ஸ்க்ரீனுக்கு மட்டும். எஸ்பிஎஃப் 50, அதில் பிஏ என்று போட்டுப் பக்கத்தில் கூட்டல் குறிகள் இருக்கும், அதுதான் யுவிஏ கணக்கு, அது இல்லாததை எடுக்காதீர்கள். மங்கு இருந்தால் அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, தோல் நிறத்திலேயே வரும் டின்டட் வகை நல்லது, நீல ஒளியையும் அதுதான் தடுக்கும், வெள்ளை க்ரீம் அவ்வளவாகத் தடுக்காது. பஸ்ஸில் ஜன்னல் மூடியிருக்கிறது என்று விடாதீர்கள், சாதாரணக் கண்ணாடி வழியாக யுவிஏ வரும், சேலம் பெங்களூர் ரூட்டில் ஓட்டுகிற லாரி டிரைவர் அண்ணன்களின் வலது கையையும் இடது கையையும் சேர்த்துப் பார்த்தால் தெரியும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கொடுக்கும் ‘வெள்ளை ஆகும்’ ட்யூப் பக்கம் மட்டும் போகாதீர்கள், பலதில் ஸ்டீராய்டு இருக்கும். நிறத்தில் சந்தேகம் என்றால் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ தோல் பிரிவில் ஓபி சீட்டு போட்டு ஒரு தடவை காட்டிவிடுங்கள், கூட்டம் இருக்கும், ஆனால் அங்கே யாரும் பேக்கேஜ் விற்க மாட்டார்கள்.

கிளினிக்குக்கு ஐந்துக்கு இரண்டரை. மெஷினுக்கும் டாக்டருக்கும் அந்த இரண்டரை, மீதி போர்டுக்காகவும் கேட்காத கேள்விகளுக்காகவும் போயிற்று. போகத்தான் வேண்டும் என்றால் டாக்டர் வரும் நாளை போனில் கேட்டுவிட்டுப் போங்கள், முகூர்த்த வாரத்தில் மட்டும் வேண்டாம், கல்யாணப் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள், ஒரே ஒரு மெஷின்தான் இருக்கிறது.